பீட்டோ குழாய்க்குப் பொட்டு வைத்த நாள்

"சின்ன பிளேனுக்கு வேகம் காட்டுற முள்ளு கண்டிப்பா வேணுமா? அதோட குழாய்க்குச் சூடு ஏத்துற சுவிட்ச் நம்ம ஊர் வெயில்ல எதுக்கு?" என்று யாராவது பேச்செடுத்தால் போதும், என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இனி ஒரு மணி நேரத்துக்கு என் வாயை மூட முடியாது என்று அவளுக்குத் தெரியும். கதை முழுக்க அவளுக்கு மனப்பாடம். நான் எந்த இடத்தில் குரலை உயர்த்துவேன், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவேன் என்பது உள்பட.

நான் விமானி இல்லை. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவன். கொழுந்தை உருட்டுகிற ரோலர், காய வைக்கிற டிரையர், சலிக்கிற மிஷின் எல்லாத்துக்கும் நான்தான் வைத்தியர். விமானி என் மகள். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், இன்றைக்கு மலைக்குக் கீழே ஒரு சின்ன விமானத் திடலில் மற்றவர்களுக்கு பிளேன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேக்டரியில் ஒரு நட்டு கீழே விழுந்தால்கூட எவன்டா அது என்று கத்துவேன். தோட்டத்து மேனேஜர் துரையே என் பட்டறைக்குள் வரும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள். கேலி இல்லை, உண்மைதான்.

அந்தக் கோபக்காரன் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் சாந்தமாக இருப்பான். ஆயுத பூஜை அன்று. முதல் நாளே மிஷின்களை எல்லாம் கழுவித் துடைத்து, மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் என் கையால் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பேன். பொட்டு வைப்பதிலும் எனக்கு ஒரு முறை உண்டு. மனுஷனுக்கு நெற்றி எப்படியோ அப்படி மிஷினுக்கும் ஒரு நெற்றி இருக்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டு, காற்றை நேராகப் பார்க்கிற இடம் எதுவோ அதுதான் நெற்றி. லோரிக்கு, மோட்டாருக்கு, கொழுந்து வெட்டுகிற மிஷினுக்கு என்று எல்லாத்துக்கும் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கெட்டிச் சந்தனமாக அப்புவேன்.

நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த ஆயுத பூஜைக்கு மகள் போன் போட்டாள். "அப்பா, இந்த வருஷம் என் பிளேனுக்கு நீங்க வந்து பூஜை போடுங்க. போட்டுட்டு உங்களை ஏத்திக்கிட்டுப் போய் நம்ம தோட்டத்தை மேல இருந்து காட்டுறேன்." எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நான் உள்ளேயிருந்து பார்த்த பேக்டரியின் கூரையைப் பார்க்கப் போகிறேன். மனைவியையும் கூப்பிட்டேன். "காடியில மலை ஏறி இறங்குனாலே எனக்குத் தலை சுத்தும், ஆளை விடுங்க" என்றாள். அவள் தோட்டத்துக் கோயில் மைதானத்தில் நின்று எங்களுக்குக் கை காட்டுவதாக ஏற்பாடு.

விடிந்ததும் மலைமேல் நாங்கள் இருக்கிற பிரிஞ்சாங்கிலிருந்து கிளம்பிக் கீழே இறங்கினேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டு வீட்டிலேயே குழைத்து டப்பாவில் கொண்டுபோனேன். பிளேனைப் பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரியைவிடச் சின்னது. உள்ளே நாலு பேர் உட்காரலாம். மூக்கில் ஒரு விசிறி. "இதுவா மா?" என்றேன். "இதுதான் பா, வாயை மூடிக்கிட்டுப் பூஜையைப் போடுங்க" என்றாள்.

அவள் அதற்குள் பிளேனைச் சுற்றி வந்து சோதனை எல்லாம் முடித்திருந்தாள். எண்ணெய் பார்த்தாள், டயரைத் தட்டினாள். இடது இறக்கைக்கு அடியில் எதற்கோ மாட்டியிருந்த ஒரு சிவப்பு உறையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் சூடம் காட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்தேன். "பொட்டு மூக்குலயும் சக்கரத்துலயும் மட்டும் போதும் பா. நான் போய் மேல வானிலை எப்படின்னு கேட்டுட்டு வந்துடுறேன்" என்று ஆபீஸுக்குள் போனாள்.

மூக்கிலும் சக்கரத்திலும் வைத்தேன். டப்பாவில் சந்தனம் பாதி மிச்சம். என் கை சும்மா இருக்குமா? இரண்டு கதவுக்கும் ஒவ்வொன்று, வாலுக்கு ஒன்று வைத்தேன். இடது இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வளைந்து முன்பக்கம் பார்த்து நின்றது. விரல் தண்டி இருக்கும். எதையாவது மாட்டுகிற கொக்கி என்று நினைத்தேன். முன்னால் நீட்டிக்கொண்டு, காற்றை நேராகப் பார்த்துக்கொண்டு... அட, இதுதான்டா நெற்றி! நல்லா கெட்டியாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். தரையில் ஓடும்போது எதையோ பார்த்து "ஏர்ஸ்பீட் வந்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் தரை இல்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் என் சத்தம் எனக்கே கேட்டது, "முருகா, முருகா" என்று. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பயம் போய்விட்டது. மலை எங்கள் பக்கமாக வந்தது. தூரத்தில் கியா பார்ம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்ச தூரம்தான், எங்கள் தோட்டம் வந்துவிடும்.

அப்போது தூறல் பிடித்தது. பெரிய மழை இல்லை, நம் மலையில் எப்போதும் தூறுகிற தூறல்தான். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக ஓடியது. மகள் முன்னால் இருந்த ஒரு வட்டத்தை விரலால் தட்டினாள். அதில் முள் மெதுமெதுவாக இறங்கி, கடைசியில் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"என்ன மா?"

"வேகம் காட்டுற முள்ளு பா. செத்துப்போச்சு."

"என்ன மிஷின் லா இது! லோரி மீட்டர் மாதிரில்ல இருக்கு!" என்று கத்தினேன். கத்துவதுதானே எனக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. பிளேனைத் திருப்பி, மேகம் இல்லாத பக்கமாக வந்து வட்டம் போட ஆரம்பித்தாள். ஒரு சுவிட்சைப் போட்டாள். "குழாய்க்குள்ள தண்ணி போயிருக்கும். சூடு ஏத்துனா காஞ்சிடும்."

"சூடா? எதுக்கு அதுல சூடு?"

"மேல போனா ஐஸ் கட்டும் பா, அதுக்கு."

"நம்ம ஊர்ல எங்க மா ஐஸ்? கடையில திங்குற ஐஸ் கச்சாங்லதான் ஐஸ்!"

"எங்க ஆளுங்களும் அப்படித்தான் பேசுவாங்க. சின்ன பிளேன் போற உயரத்துக்கு நம்ம ஊர்ல ஐஸ் கட்டாது, இந்த ஹீட்டர் சும்மா அழகுக்குன்னு. ஆனா மழைத் தண்ணிக்கு உதவும். அஞ்சு நிமிஷம் பார்ப்போம்."

சும்மா இருக்காமல் கேட்டேன், "எந்தக் குழாய் மா?"

"பீட்டோ குழாய்னு சொல்லுவோம். இடது இறக்கைக்கு அடியில முன்னால பார்த்து நிக்கும். நுனியில ஓட்டை. அதுக்குள்ள காத்து அடிக்கிற வேகத்தை வச்சுத்தான் இந்த முள்ளு ஏறும்."

காலையில் நான் கெட்டியாகப் பொட்டு வைத்த அதே குழாய். நான் வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், ஆறாகக்கூட இருக்கலாம். முப்பத்தொரு வருஷம் மிஷினோடு குடும்பம் நடத்திய ஃபிட்டர், கிரீஸ் போகிற ஓட்டையில் தூசி விழுந்தாலே ஆட்களைப் பிடித்து ஏறுகிறவன், பெற்ற மகளின் பிளேனில் ஒரு ஓட்டையைச் சந்தனத்தால் அடைத்துவிட்டான் என்பதை எந்த வாயால் சொல்லுவது? சூடு ஏறினால் சந்தனம் உதிர்ந்துவிடும், அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அசிங்கமான வேண்டுதல்.

அப்போது எனக்கு ஒரு அண்ணன் ஞாபகம் வந்தார். பேக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். ஒரு தடவை ஸ்பேனரை ரோலருக்குள் விட்டுவிட்டு, என் வாய்க்குப் பயந்து சொல்லாமல் இருந்துவிட்டார். மிஷின் உடைந்து, மூன்று நாள் கொழுந்து வீணாய்ப் போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அன்றைக்கு அவரை நாலு பேர் முன்னால் நார் நாராகக் கிழித்தேன். அவர் ஏன் சொல்லவில்லை என்பது அத்தனை வருஷம் கழித்து, ஏழாயிரம் அடி உயரத்தில் எனக்குப் புரிந்தது.

முள் எழவே இல்லை. மகள் வெளியே பார்த்தபடியே, "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் சூடு குடுத்துப் பார்க்கிறேன்" என்றாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். நாங்கள் வந்த வழியில் மேகம் இரண்டு பக்கமும் கூடிக்கொண்டிருந்தது. நடுவில் வெளிச்சமாக இருந்த இடைவெளி, வரும்போது இருந்ததில் பாதிகூட இல்லை. திடல் அந்தப் பக்கம். இவள் என்னால் இங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"காயாது மா" என்றேன். "அது தண்ணி இல்ல. சந்தனம். நான்தான் வச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் என்ன கத்து கத்தியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அவள் சுவிட்சை அணைத்தாள். "சரி பா. வேற எங்கெல்லாம் வச்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

மூக்கு, மூன்று சக்கரம், இரண்டு கதவு, வால், குழாய் என்று ஒப்பித்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இறக்கையோட முன் விளிம்புல ஒரு சின்னத் துவாரம் இருக்கும். அதுல?"

"இல்லை... தெரியல மா. இல்லைன்னு நினைக்கிறேன்."

"ரொம்ப மெதுவாப் போனா அதுதான் ஊதி எச்சரிக்கும். பரவால்ல, வச்சிருக்கீங்கன்னே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு உடனே பிளேனைத் திடல் பக்கம் திருப்பினாள். ரேடியோவில் டவரைக் கூப்பிட்டு, வேகம் தெரியவில்லை, திரும்பி வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். குரலில் ஒரு ஆட்டம் இல்லை.

அந்த இடைவெளிக்குள் நாங்கள் புகுந்து வெளியே வந்தோம். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கீழே சமவெளி, வெயில்.

"அப்பா, இப்ப எனக்கு உங்க உதவி வேணும்" என்றாள். "மெதுவாப் போனா இறக்கை தாங்காது, விழுந்துடுவோம். வேகமாப் போனா ரன்வேல நிக்க முடியாது. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கு, எஞ்சின் எவ்வளவு சுத்துது, இந்த ரெண்டையும் வச்சு நான் வேகத்தைக் கணக்குப் பண்ணிக்குவேன். நான் வெளிய பார்க்கணும். அந்த எஞ்சின் முள்ளை நீங்க படிங்க. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழ இறங்குனா உடனே சொல்லுங்க."

தப்புச் செய்தவனுக்கு வேலை கொடுத்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி எதையும் பார்த்ததில்லை. "ஆயிரத்து அறுநூறு... ஆயிரத்து ஐந்நூத்தைம்பது... ஐந்நூறு... மா, கீழ போகுது!" அவள் கொஞ்சம் ஏற்றினாள். "ஐந்நூத்தைம்பது. அப்படியே நிக்குது." அரை ஆயுசு ரோலர் சத்தம் கேட்ட காது, முள் அசைவதற்கு முன்பே எஞ்சின் தளர்வதைப் பிடித்தது. ஆனாலும் முள்ளைப் பார்த்துத்தான் சொன்னேன். காதை நம்பி என் பிள்ளையின் உயிரை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தரை வந்தது. மூக்கு தூக்கியது. அப்போது என் தலைக்கு மேலே எங்கேயோ பீ... என்று ஒரு ஊதல். "ஐயோ!" என்றேன். "நல்லது பா! அதுல நீங்க வைக்கல!" என்று அவள் சிரித்தாள். சக்கரம் தட்டியது. கொஞ்சம் தள்ளித்தான் தட்டியது, ஆனால் ரன்வே நீளம். நின்றோம்.

நான் இறங்கி, புல்லில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் எல்லாம் எங்கே போனதோ. மனைவி போன் போட்டாள், "ஒரு மணி நேரமா கோயில் மைதானத்துல நிக்கிறேன், எங்க உங்க பிளேனு?" என்று. மகள்தான் போனை வாங்கிப் பேசினாள்.

மெக்கானிக் வந்து குழாயைப் பார்த்தார். கம்பியால் குத்திப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், கடைசியில் குழாயையே கழற்றிவிட்டார். சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்ததால் முதலில் வெடிப்பு வழியாகக் காற்று போயிருக்கிறது, முள்ளும் ஏறியிருக்கிறது. தூறலில் ஊறியதும் வெடிப்பு மூடிக்கொண்டது. அதற்கு மேல் சூடு வேறு கொடுத்தோமா, செங்கல் மாதிரி இறுகிவிட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "குளவி கூடு கட்டிப் பார்த்திருக்கேன் ஐயா, சந்தனம் இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆக, அந்த முள் வேணுமா வேண்டாமா? டிரையரில் வெப்பமானி எதற்கு, கையை நீட்டினால் எனக்குத் தெரியாதா என்று துரையோடு ஒரு காலத்தில் சண்டை போட்டவன் நான். எனக்குத் தெரியும்தான். காய்ச்சல் வந்த அன்றைக்குத் தெரியாது, மகளுக்குப் பரீட்சை என்று மனசு வேறெங்கோ இருந்த அன்றைக்குத் தெரியாது. என் மகள் முள் இல்லாமல் இறக்கினாள், அவள் கெட்டிக்காரி. எல்லா நாளும் அப்படி இறக்கச் சொல்லக் கூடாது. சூடாக்கி விஷயத்தில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நம் ஊரில் வேண்டாம் என்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சுவிட்ச்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே. சந்தனத்துக்கு மட்டும் போடாதீர்கள்.

மத்தியானம் ஆபீஸில் மகள் அறிக்கை எழுதினாள். இப்படி எது நடந்தாலும் எழுதியே ஆக வேண்டுமாம். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "எங்கப்பாதான் காரணம்னு எழுது. என் பெயர், ஐ.சி. கார்டு நம்பர், எல்லாம் போடு" என்றேன். அவள் எழுதி முடித்து, தாளை என் பக்கம் திருப்பினாள். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். பூஜைக்குப் பிறகு விமானத்தை மறுபடி சுற்றிப் பார்க்காதது விமானியின் தவறு என்று எழுதியிருந்தாள்.

"என்ன மா இது? வச்சது நான்!" என்று மேசையைத் தட்டினேன்.

"வச்சது நீங்க பா. பார்க்காம ஏறுனது நான். உள்ள போய்ட்டு வந்து இன்னொரு தடவை சுத்திப் பார்த்திருக்கணும். அது என் வேலை, உங்க வேலை இல்ல." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. எங்கே கற்றாள் இதை? என்னிடம் நிச்சயமாக இல்லை.

கடைசி வரியைப் படித்தேன். பயணி காரணத்தை உடனே தெரிவித்ததால் விமானி தாமதமின்றித் திரும்ப முடிந்தது என்று இருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"உடனே சொல்லல மா" என்றேன். "குழாய்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ அங்க சுத்திக்கிட்டு இருந்தியே, அவ்வளவு நேரமும் எனக்குத் தெரியும்."

அவள் குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தாள். இனி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியது. பேனாவை என் கையில் கொடுத்தாள். 'உடனே' என்ற வார்த்தையையும், 'தாமதமின்றி' என்ற வார்த்தையையும் நான் அடித்தேன். கோடு கோணலாக விழுந்தது. அவள் தாளை வாங்கி, அடித்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் என்னையும் போடச் சொன்னாள்.

"சொன்னதுக்கு நன்றி பா" என்றாள். எங்கள் வீட்டில் அன்றுவரை யாரும் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.